மூன்று வயதுக் குழந்தைக்குப் பள்ளி தேடுகிறீர்களா? கொங்குப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

தை பிறந்துவிட்டால் ஈரோட்டிலிருந்து கோபி வரைக்கும் மின்கம்பம் தவறாமல் ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ தட்டி தொங்கும். பட்டமளிப்பு அங்கி மாட்டிய நான்கு வயதுக் குழந்தை, ஏ.சி. வகுப்பறை, ஸ்மார்ட் போர்டு, அபாகஸ், ஸ்கேட்டிங். போன வருஷம் என் மகள் அப்படி ஏழு நோட்டீஸைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, “இதுல எதும்மா நல்ல ஸ்கூலு? நீ சொன்னாச் சேத்திடறேன்” என்றாள். பேத்திக்கு அப்போது இரண்டே முக்கால் வயது.

நான் பதினேழு வருஷம் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தவள். இரண்டு பள்ளிகள். ஒன்றில் மனசு நிறைந்து வேலை பார்த்தேன், இன்னொன்றில் சம்பளத்துக்காகப் பார்த்தேன். ஏழு நோட்டீஸையும் புரட்டியபோது எனக்குப் பட்டது ஒன்றுதான். பிள்ளை வகுப்பிலேயே வெளிக்கு இருந்துவிட்டால் யார் கழுவிவிடுவார்கள், கழுவும்போது என்ன சொல்வார்கள் என்று எதிலும் இல்லை.

மூன்று வயதில் பள்ளிக்கூடம் என்பது முக்கால்வாசி அதுதான். குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிகிற பெரியவர்கள் எத்தனை பேர், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்க்கவேண்டும். நானும் மகளும் ஏழு இடத்துக்கும் போனோம், எட்டாவதாக எங்கள் ஊர் பால்வாடிக்கும் போனோம். எந்த வரிசையில் எதைப் பார்த்தோமோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

1. எந்த வகை, எந்த வயது

முதலில் பால்வாடி. அந்தப் பேரைச் சொன்னாலே உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. என் மகளும் பிதுக்கினாள். அங்கன்வாடி மையங்கள் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வந்தவை. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை எடை பார்ப்பது, சத்துமாவு தருவது, மதியச் சோறு, முட்டை எல்லாம் அங்கே உண்டு. முட்டைக்குப் பெயர்போன நாமக்கல் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் தமிழில், பெரும்பாலும் விளையாட்டாக நடக்கும். 2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யும் தொடங்கினார்கள். தரம் மையத்துக்கு மையம் மாறும். ஊருக்கு ஊர் அந்த டீச்சரையும் ஆயாவையும் பொறுத்தது. எட்டிப் பார்க்காமலே தள்ளிவிடாதீர்கள் என்பது மட்டும் என் கோரிக்கை.

அடுத்தது பிளே ஸ்கூல், பிறகு நர்சரி பள்ளி, பிறகு பெரிய பள்ளியோடு சேர்ந்த எல்.கே.ஜி. பெரிய பள்ளியில் சேர்த்தால் ‘பன்னிரண்டாவது வரைக்கும் கவலையில்லை’ என்பார்கள். இரண்டாயிரம் பேர் நடுவில் ஒரு மூன்று வயசு பொடுசு எப்படி இருக்கும் என்பதையும் கூடவே யோசியுங்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனி, பள்ளிபாளையம் விசைத்தறி, பெருந்துறை சிப்காட் என்று அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிற வீட்டுக்குக் குழந்தைக் காப்பகம்தான் முதல் தேவை. மகப்பேறு சலுகைச் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தத்திலிருந்தே, 50 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனம் காப்பக வசதி செய்து தரவேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்கவேண்டும். இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. உங்கள் கம்பெனியில் அந்த அளவு ஆள் இருந்தால் எச்.ஆரிடம் கேளுங்கள்.

வயதைப் பொறுத்தவரை அவசரமே வேண்டாம். வீட்டில் அப்பத்தாவோ அம்மாயியோ தெம்பாக இருந்து, பக்கத்து வீட்டில் விளையாடப் பிள்ளைகளும் இருந்தால், மூன்று வயதுக்கு முன் பள்ளி தேவையில்லை. தோட்டத்து வீட்டில் கட்டுத்தறியில் கன்றுக்குட்டியோடு நின்று, கோழியை விரட்டி, அப்பாருவோடு மடை பார்க்கப் போகிற குழந்தை எதையும் இழந்துவிடவில்லை. ஆனால் நகரத்தில் இரண்டு அறை வீட்டில் நாளெல்லாம் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தைக்கு நல்ல பிளே ஸ்கூல் வரம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு: இரண்டிலிருந்து நான்கு வயதுவரை திரை நேரம் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது, ஓடியாடும் நேரம் மூன்று மணி நேரமாவது வேண்டும்.

வசதி குறைந்த குடும்பமாக இருந்தால், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள தனியார் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு விண்ணப்பிக்கலாம். நலிவடைந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். ஜூலை 31-ல் குழந்தைக்கு மூன்று வயது நிறைந்திருக்கவேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. அரசு தேதி அறிவித்ததும் இணையத்தில் விண்ணப்பம் போடவேண்டும் என்பதால் பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்றை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. காகிதம் நான்கு

ஆபீஸில் உட்காரவைத்து காபி கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: பள்ளிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, எந்த வருஷம்வரை? கூடவே கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. ஒழுங்கான தாளாளர் முகம் சுளிக்கமாட்டார். பலர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியே வைத்திருப்பார்கள். “அதெல்லாம் இருக்குதுங்க, நீங்க பீஸைப் பாருங்க” என்று பேச்சை மாற்றுகிற இடத்தில் நான் காபியை முழுசாகக் குடிப்பதில்லை.

இதில் ஏன் இத்தனை கறார் என்றால், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் போனார்கள். மதியச் சோறு ஆக்கிய கூரைக் கொட்டகையிலிருந்து பரவிய தீ. அன்றைக்கு நான் வகுப்பில் இருந்தேன்; சாயங்காலம் செய்தி வந்ததும் எங்கள் பள்ளியின் கொட்டகையை நிமிர்ந்து பார்த்தேன். அதன் பிறகு பள்ளிகளில் ஓலைக் கூரை போனது. மற்றதை நீங்கள்தான் பார்க்கவேண்டும். சின்ன வகுப்புகள் தரைத்தளத்தில் இருக்கின்றனவா, அறைக்கு வெளியேற இன்னொரு வழி உண்டா, கேஸ் அடுப்பு வகுப்பிலிருந்து எவ்வளவு தூரம், வெளி கேட்டைப் பூட்டினால் சாவி யார் இடுப்பில் என்று பாருங்கள். தண்ணீர்த்தொட்டி மூடி, கிணறு, மொட்டைமாடிப் படி, கைக்கெட்டுகிற பிளக் பாயின்ட் எல்லாம் நடந்துகொண்டே கண்ணால் அளந்துவிடலாம்.

3. பதினோரு மணிக்குப் போங்கள்

இந்தப் படியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

பள்ளிக்காரர்கள் சனிக்கிழமை ‘ஓப்பன் டே’ என்று கூப்பிடுவார்கள். பலூன் கட்டியிருக்கும், பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். வேலை நாளில், காலை பதினொன்று பதினொன்றரைக்குப் போங்கள். அந்த நேரத்தில் காலைத் தெம்பு இறங்கியிருக்கும், பசி ஏறியிருக்கும், இரண்டு பேர் அழுதுகொண்டிருப்பார்கள், ஒருத்தர் நனைத்திருப்பார். டீச்சர்களுக்கும் பொறுமை குறைகிற நேரம் அது. “பேரண்ட்ஸ் உள்ள வரக்கூடாதுங்க” என்றால் வராந்தாவில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் வேறு பள்ளி பாருங்கள்.

முதலில் கண்ணை மூடிக் கேளுங்கள். முப்பது குழந்தைகள் இருக்கிற அறை அமைதியாக இருந்தால் பயப்படவேண்டும். டீச்சர் குரல் மட்டும் கேட்டால் அதுவும் சரியில்லை. நாலு மூலையில் நாலு பேச்சு நடந்து, அதற்குள் பெரியவர் குரல் ஒன்று தாழ்வாகப் புகுந்து வெளியே வந்தால் அந்த வகுப்பு உயிரோடு இருக்கிறது.

பிறகு எண்ணுங்கள். 2013-ன் தேசிய மழலைப் பருவப் பராமரிப்பு, கல்விக் கொள்கை சில குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லியிருக்கிறது. மூன்றிலிருந்து ஆறு வயதுக்கு 20 குழந்தைக்கு ஒரு பெரியவர், மூன்று வயதுக்குக் கீழே 10 குழந்தைக்கு ஒருவர். 30 குழந்தைக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறை, வெளியே விளையாட 30 சதுர மீட்டர். ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். 35 சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 377 சதுர அடி. டேப் எடுத்துக்கொண்டு போகமுடியாது. தரையில் டைல்ஸை எண்ணுங்கள். இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் என்றால் 94 இருக்கவேண்டும். நாங்கள் பார்த்த ஏழில் மூன்றில் அதற்குப் பாதிகூட இல்லை. ஒன்றில் ஏ.சி. இருந்தது, ஓட இடமில்லை.

தலையை எண்ணும்போது ‘டீச்சர்’ என்று பேரில் இருக்கிறவர்களைச் சேர்க்காதீர்கள். அந்த நிமிஷம் அறைக்குள் இருக்கிறவர்களை மட்டும் எண்ணுங்கள்.

அடுத்து கழிப்பறை. கூச்சப்படாமல் “பாத்ரூம் எங்கீங்க?” என்று கேட்டுக் குழந்தைகள் போகிற பக்கமே போங்கள். பீங்கான் சின்னதா, இல்லை பெரியவர்கள் அளவா? குழாய் குழந்தைக்கு எட்டுகிறதா? சோப்பு ஈரமாக இருக்கிறதா? காய்ந்து வெடித்த சோப்பு காட்சிக்கு வைத்தது. உள்தாழ்ப்பாள் குழந்தை போட்டுக்கொள்கிற உயரத்தில் இருக்கவே கூடாது. கதவு திறந்தே கிடப்பதும் நல்லதில்லை. மூன்று வயதிலும் வெட்கம் உண்டு.

அங்கே நிற்கும் ஆயாவைப் பாருங்கள். சம்பளத்துக்காக நான் வேலை பார்த்த பள்ளியில் 48 பேருக்கு நான் ஒருத்தி, ஆயா ஒருத்தி. ஒரு நாள் ஒரு பையன் உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டான். ஆயா மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு வார்த்தை சொன்னாள். வகுப்பு சிரித்தது. 47 பேரைக் கட்டிப்போட எனக்கும் அந்தச் சிரிப்பு அன்றைக்கு வசதியாக இருந்தது என்பதை இப்போது எழுதக் கூசுகிறது. அந்தப் பையன் மறுநாளிலிருந்து பள்ளியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டான். அவன் அம்மா பங்குனி வெயிலில் வந்து, “டீச்சர், பாட்டில் கொண்டுவந்த மாதிரியே திரும்பி வருதுங்க, ஏனுங்க?” என்று கேட்டபோதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. அதற்குள் சிறுநீர்க் கடுப்புக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள்.

இன்னொரு பள்ளியில் இருந்த ஆயா ஐந்தாவது படித்தவர். இதே சமாச்சாரத்துக்கு அவர், “தண்ணி சிந்திருச்சா சாமி? வா, கால் கழுவிக்கலாம்” என்பார். பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியாது. இந்த ஒரு குரல் வித்தியாசத்துக்காக வேறு பல குறைகளை மன்னிக்கலாம் என்பது என் கட்சி.

திரும்பி வரும்போது டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி: “இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?” நாலு டீச்சரில் மூன்று பேர் “இந்த ஜூன்லதாங்க சேர்ந்தேன்” என்றால் அந்த நிர்வாகம் ஆளை நிறுத்திவைக்கிற நிர்வாகமில்லை. குழந்தை ஒரு முகத்தோடு பழகி முடிப்பதற்குள் முகம் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆள்தான் முக்கியம் என்பது என் பதினேழு வருஷப் பழக்கத்தில் மட்டும் சொல்வதல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962-ல் பெர்ரி பள்ளி ஆய்வு என்று ஒன்று தொடங்கினார்கள். 123 ஏழைக் குழந்தைகள். அதில் 58 பேருக்கு மட்டும் மழலையர் பள்ளி. ஆறு குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு ஆசிரியர், வாரம் ஒருமுறை ஆசிரியரே வீட்டுக்கும் போவார். அவர்களை நாற்பது வயதுவரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், நல்ல வருமானம் உள்ளவர்கள் அந்த 58 பேரில் கூடுதல், கைதானவர்கள் குறைவு. அவர்கள் பணத்தைக் கொட்டியது ஆசிரியர்மேல்.

4. என்ன சொல்லித்தருகிறார்கள், எப்படி

நம் பக்கத்துக்கு ஒரு வியாதி உண்டு. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் டூ மார்க்குக்குப் பேர்போனவை. அந்த மார்க் மோகம் படிப்படியாக இறங்கி இப்போது பிரீ கே.ஜி.யில் வந்து நிற்கிறது. “எங்க பையன் நூறு வரைக்கும் எழுதறானுங்க” என்று ஒறம்பறை, சொந்தபந்தம் நடுவில் சொல்லிக்கொள்ள ஆசை. பள்ளிக்காரர் அந்த ஆசையைத்தான் விற்கிறார்.

மூன்று வயதுக் கையைத் திருப்பிப் பாருங்கள். பெரியவர் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் அதில் மூன்று அளவுக்குத்தான் எலும்பாகத் தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்பு. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக ‘ஏ’ எழுதவைத்தால், குழந்தை கற்றுக்கொள்வது பென்சில்மேல் வெறுப்பை. அந்தக் கைக்கு வேண்டியது களிமண் பிசைவது, அவரை உரிப்பது, மணலில் விரலால் கோடு இழுப்பது, துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவது, சொம்பிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் ஊற்றுவது. வாசலில் அப்பத்தா புள்ளிவைக்கிறபோது பக்கத்தில் உட்கார்ந்து தானும் வைக்கிறதே, அதுதான் எழுத்துக்கு முந்திய பாடம்.

வகுப்பில் பார்க்கவேண்டியவை இவை. பொம்மைகள் குழந்தை எடுக்கிற உயரத்தில் இருக்கின்றனவா, பூட்டிய அலமாரியில் மேல்தட்டிலா? சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் கோணல்மாணலாகக் குழந்தைகள் வரைந்தவையா? முப்பது மயிலும் ஒரே மாதிரி பச்சையாக இருந்தால் அது டீச்சர் வேலை. டீச்சர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா? “இது என்ன கலர்?” “ரெட்டு!” என்று முப்பது பேரும் கூவுவது பேச்சு இல்லை. ஒரு குழந்தை, “டீச்சர், எங்கூட்டு எருமை கண்ணு போட்டுருச்சு” என்று வந்து நிற்கும். “அப்படியா கண்ணு, என்ன கலர்ல இருக்குது? சீம்பால் குடிச்சியா?” என்று கேட்கிறவர் ஆசிரியர். “போய் எடத்துல உக்காரு” என்கிறவர் காவல்காரர்.

‘மாண்டிசோரி’ போர்டைப் பற்றி ஒரு வார்த்தை. மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கே வந்து பயிற்சி நடத்தியவர். நம் மாநிலத்துக்கு அந்த முறை புதிதல்ல. ஆனால் அந்தப் பேரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம், தடையில்லை. உண்மையா என்று பார்க்கச் சுலப வழி: மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து இருப்பார்கள். குழந்தை தானே பாயை எடுத்துவந்து விரித்து, தானே ஒரு பொருளைத் தேர்ந்து வேலை செய்யும், முடித்ததும் எடுத்த இடத்தில் வைக்கும். ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்து இளஞ்சிவப்புக் கட்டைகள் இருக்கும்; அவற்றில் விரல் பட்ட அழுக்கு இருக்கவேண்டும். கண்ணாடி அலமாரியில் பளபளவென்று அடுக்கி வைத்துவிட்டு, டெஸ்க்கில் உட்கார்ந்து ஒர்க்புக் எழுதுகிறார்கள் என்றால் பேரில் மட்டும் மாண்டிசோரி.

மொழி விஷயத்தில் என் கருத்தை ஒளிக்கப்போவதில்லை. மேலே சொன்ன 2013 கொள்கையும் வீட்டு மொழியில்தான் தொடங்கச் சொல்கிறது. தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம் என்கிற இடத்தில் குழந்தை இங்கிலீஷ் பேசக் கற்காது, வாயை மூடிக்கொள்ளக் கற்கும். கோவையில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற வீடுகள் ஏராளம். திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் பேசுகிற தொழிலாளர் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் ‘தண்ணீர் வேண்டும்’, ‘வயிறு வலிக்கிறது’ என்பதை எந்த மொழியில் சொன்னாலும் புரிந்துகொள்ள ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். இங்கிலீஷ் பாட்டிலும் கதையிலும் தானாக வரும்.

5. சோறு, தண்ணீர், தூக்கம்

முதல் கேள்வி தண்ணீர். பல்லடம், திருப்பூர் பக்கம் போர் தண்ணீர் உப்பு. ‘நல்ல தண்ணி’ எங்கிருந்து வருகிறது, காய்ச்சுகிறார்களா, ஆர்.ஓ. என்றால் வடிகட்டியைக் கடைசியாக மாற்றியது எப்போது? சிறுவாணி வருகிற கோவை வார்டாக இருந்தாலும் தொட்டி கழுவும் தேதி கேட்கத் தகுந்தது.

சாப்பாடு பள்ளியில் தருவதாக இருந்தால் ஒரு மதியம் அங்கேயே இருந்து பாருங்கள். அரிசியும் பருப்பும் சாதம், கொஞ்சம் நெய், ஒரு காய் போதும். வீட்டு டிபன் பாக்ஸ் என்றால், குழந்தை தானே அள்ளிச் சாப்பிட விடுகிறார்களா, வரிசையாக உட்காரவைத்து டீச்சர் ஒரே ஸ்பூனில் எல்லோருக்கும் ஊட்டுகிறார்களா? மிச்சம் வைத்ததற்குத் திட்டுகிற இடம் வேண்டாம். சாப்பாட்டைத் தண்டனையாக்கினால் அந்த வெறுப்பு வீட்டுக்கும் வரும்.

கடலைக்காய் நம் பக்கம் தின்பண்டமே அல்ல, அன்றாடம். ஆனால் நான்கு வயதுக்குக் கீழே முழுக் கடலையும் முழுத் திராட்சையும் சோளப்பொரியும் மூச்சுக்குழலில் போய் அடைக்கும். கடலையைப் பொடித்து உருண்டையாகவோ, திராட்சையை நீளவாக்கில் நறுக்கியோ தரவேண்டும். பிறந்தநாள் என்று வகுப்பில் மிட்டாய் கொடுக்கும்போது யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே பள்ளி எந்த அளவுக்கு யோசிக்கிறது என்று தெரிந்துவிடும்.

முழுநாள் பள்ளி என்றால் தூக்கம் முக்கியம். மூன்று நான்கு வயதில் ஒரு நாளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை. பாய், தனித்தனி விரிப்பு, காற்று, கொசு. தூங்குகிற நேரத்தில் ஒரு பெரியவர் அறையிலேயே இருக்கவேண்டும்.

6. காய்ச்சல், காயம், காவல்

குழந்தைக்குப் பள்ளியில் காய்ச்சலில் வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இது வரக்கூடியது. “கையில சாவிக்கொத்தைக் குடுப்போமுங்க” என்று பதில் வந்தால் அந்த ஊழியர்களுக்கு முதலுதவி யாரும் சொல்லித்தரவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும், வாயில் எதையும் திணிக்கக்கூடாது, நேரம் பார்க்கவேண்டும், 108-ஐக் கூப்பிடவேண்டும், பெற்றோருக்குச் சொல்லவேண்டும். இதைத் தடுமாறாமல் சொல்கிற பள்ளி நூற்றில் சில.

கை கால் வாய்ப் புண் நோய், கண் நோய், அம்மை இவை ஒரு குழந்தைக்கு வந்தால் வகுப்பையே சுற்றும். ‘சரியாகும்வரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கறாராகச் சொல்கிற பள்ளிமேல் கோபப்படாதீர்கள். அது நல்ல பள்ளி. வருகைப் பதிவுக்காகக் காய்ச்சலோடு வரச்சொல்கிற இடம்தான் மோசம்.

அடிக்கக்கூடாது என்பது பள்ளியின் பெருந்தன்மை இல்லை, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. மனத்தைப் புண்படுத்துவதும் அதிலேயே அடங்கும். எல்.கே.ஜி. வகுப்பில் ஸ்கேல் மேசைமேல் கிடந்தால் எதற்கு என்று கேளுங்கள். அதே சட்டத்தின் 13-வது பிரிவு, சேர்க்கைக்குக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதையும் தடுக்கிறது. இன்னும் பல இடத்தில் ‘சும்மா பேசிப் பார்ப்போம்’ என்று மூன்று வயதுக் குழந்தையிடம் பழத்தின் பேரைக் கேட்கிறார்கள்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் வந்தது 2012-ல். ஓட்டுநர், வாட்ச்மேன், ஆயா உட்பட எல்லா ஊழியரையும் போலீஸ் சரிபார்ப்பு செய்திருக்கிறார்களா, கழிப்பறைக்குப் பெண் ஊழியர் மட்டும்தானா, குழந்தை எந்த நேரத்திலும் ஒரே ஒரு பெரியவரோடு மூடிய அறையில் இருக்க வாய்ப்பு உண்டா என்று நேராகவே கேட்கலாம். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

கேமரா பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கேட்டிலும் வராந்தாவிலும் இருக்கட்டும். வகுப்புக் காட்சியை எல்லாப் பெற்றோர் செல்போனுக்கும் நேரலையாக அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் குழந்தையை அறுபது அந்நியர் பார்க்கிறார்கள். டீச்சரும் குழந்தையைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்கிறார்.

சாயங்காலம் யார் கையில் ஒப்படைப்பார்கள்? “நான் அதோட மாமனுங்க” என்று யாராவது வந்து நின்றால்? பெயரும் படமும் கொடுத்த ஆளிடம் மட்டும் விடுகிற பள்ளியா என்று சோதித்துப் பாருங்கள். என் மருமகன் ஒரு நாள் வேண்டுமென்றே தன் தம்பியை அனுப்பினார். வாட்ச்மேன் அவரை வெளியிலேயே நிறுத்திவிட்டு என் மகளுக்குப் போன் போட்டார். தம்பிக்கு ரோஷம், எங்களுக்கு நிம்மதி.

7. வேன்

முடிந்தால் வேனே வேண்டாம். மூன்று வயதுக்கு நடந்தோ வண்டியிலோ பத்து நிமிஷத்தில் போகிற சுமாரான பள்ளி, முக்கால் மணி நேரம் வேனில் போகிற பெரிய பள்ளியைவிட மேல். வேன்தான் வழி என்றால், 2012-ல் சென்னைக்குப் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்ததை நினைவில் வையுங்கள். ஏறி உட்கார்ந்து பாருங்கள். தரை, அவசர வழி, கதவுப் பூட்டு, தீயணைப்பான், கூடவே ஒரு உதவியாளர். கடைசி நிறுத்தத்தில் வண்டிக்குள் நடந்து ஒவ்வொரு சீட்டையும் பார்க்கிறவர் யார் என்று கேளுங்கள்; தூங்கிப்போன குழந்தை உள்ளேயே பூட்டப்படுவது அப்படித்தான். ஆட்டோவில் பன்னிரண்டு பேரை அடைத்து, பையைக் கம்பியில் தொங்கவிடுகிற ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

8. பீஸ்

தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ன் சட்டப்படி அரசுக் குழு இருக்கிறது. நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். புத்தகம், யூனிஃபார்ம், வேன், ‘ஆண்டுவிழா’ எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாத பணம் கொடுக்காதீர்கள். இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

9. முதல் மாதம்

முதல் வாரம் ஒரு மணி நேரம் மட்டும் விடச் சம்மதிக்கிற பள்ளியாகப் பாருங்கள். வாசலில் விட்டுவிட்டுக் கண்ணில் படாமல் நழுவாதீர்கள். “அம்மா போய்ட்டு, நீ சோறு உண்டு முடிச்சதும் வந்துருவேன் சாமி” என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். அழட்டும். இரண்டு மூன்று வாரம் காலையில் அழுவது வழக்கம்தான். நீங்கள் போன பத்து நிமிஷத்தில் அழுகை நிற்கிறதா என்று டீச்சரிடம் கேளுங்கள். பத்து நிமிஷத்தில் நின்றால் கவலையில்லை. யார் மடியில் நின்றது என்றும் கேளுங்கள். அந்தப் பெயரைச் சட்டென்று சொல்லத் தெரிந்த டீச்சர் உங்கள் குழந்தையைப் பார்த்திருக்கிறார்.

“இன்னைக்கு என்ன படிச்ச?” என்று கேட்டால் பதில் வராது. “இன்னைக்கு ஆரு அழுதாங்க? ஆயா என்ன சொன்னாங்க?” என்று கேட்டால் கதை கதையாக வரும். பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து டீச்சர் விளையாட்டு விளையாடும்போது ஒதுங்கி நின்று கேளுங்கள். பள்ளியில் கேட்கிற குரல் அப்படியே திரும்பி வரும்.

கவனிக்கவேண்டிய குறிகள்: வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவது. தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே வருவது. நன்றாகப் பழகிய பிறகு திடீரென்று ராத்திரி நனைப்பது, நகம் கடிப்பது, குறிப்பிட்ட ஒரு ஆளின் பேரைச் சொன்னால் அடங்கிப்போவது. இதில் ஏதாவது ஒரு வாரம் தொடர்ந்தால் டீச்சரிடம் தனியாகப் பேசுங்கள். அதன் பிறகும் இரண்டு வாரத்தில் மாறவில்லை என்றால் கட்டிய பணத்தைப் பார்க்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். நடு வருஷமாக இருந்தாலும் பரவாயில்லை, எல்.கே.ஜி.யில் போகிற வருஷம் எதுவுமில்லை.

நாங்கள் கடைசியில் சேர்த்தது ஏழு நோட்டீஸில் ஒன்றில்தான், ஆனால் தட்டி மிகச் சின்னதாக இருந்த பள்ளியில். ஏ.சி. இல்லை, வேப்பமரம் இருக்கிறது, மணல் இருக்கிறது, 18 குழந்தைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். ஜூலை இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் பேத்தி வந்ததும் நான் பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். காலி. “முழுசாக் குடிச்சியா அம்மிணி?” என்றேன். “இல்லீங் அம்மாயி, பாதிதான் நான் குடிச்சேன். மீதியைச் செடிக்கு ஊத்துனேன், ஆயாதான் ஊத்தச் சொன்னாங்க” என்றாள்.